‘மூணு மாசம் கழியட்டும்’ என்ற கணக்கில் ஒரு மாதம் இடிக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்து கிலோமீட்டர் போவதற்குள் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி கண்ணில் பட்டுவிடும். வீட்டில் பிரசவம் என்பது கிழவிகளின் பேச்சில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பழக்கம் கடலோரத்திலும் மலையோரத்திலும் ஒன்றுபோல நீடிக்கிறது. பெண்ணுக்குக் குளி (மாதவிலக்கு) தப்பியதும் வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதுதான்: “மூணு மாசம் கழியட்டும் மக்ளே, பிறவு நர்சம்மாட்ட போவலாம்.” கண்பட்டுவிடும் என்ற பயம், கரு நிலைக்குமோ நிலைக்காதோ என்ற தயக்கம், நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் எல்லாம் இதில் இருக்கிறது. இந்த மனநிலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கணக்கே தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

வீட்டில் மாதத்தை எண்ணத் தொடங்குவது குளி தள்ளிப்போன நாளிலிருந்து. கிராம சுகாதார செவிலியரும் டாக்டரும் எண்ணுவது கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம் இடைவெளி. ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவின் நிறைவு நாளான டிசம்பர் 3 அன்று தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 28 நாள் சுற்று உள்ளவர் என்றால் அடுத்தது டிசம்பர் 31 அன்று வர வேண்டும், வரவில்லை. வீட்டார் அங்கிருந்து மூன்று மாதம் எண்ணினால் மார்ச் 31 ஆகிவிடும். சுகாதார நிலையத்துக் கணக்கில் அன்று அவர் 17-ஆம் வாரத்தின் கடைசி நாளில் இருப்பார். கர்ப்பத்தைச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யச் சொல்லும் 12 வாரக் கெடுவோ பிப்ரவரி 25 அன்றே நிறைவாகிவிட்டது. மாசித் திருவிழாவான மண்டைக்காட்டுக் கொடையை முடித்துவிட்டு நிதானமாக வந்தால்கூடப் பிந்திவிட்டது என்று பொருள்.

அந்த ஒரு மாதத்தில் அப்படி என்ன போய்விடும்? குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடுவது கரு உருவான முதல் 28 நாளுக்குள். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 6 வாரம். ஃபோலிக் அமில மாத்திரை வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதான். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும் பெண் ஒரு மாதம் முன்பிருந்தே அதைப் போடுவது நல்லது என்கிறோம். அடுத்தது ரத்த அழுத்தம். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். முன்பே அழுத்தம் கூடுதலாக இருந்த பெண் முதல்முறையாக 20-ஆவது வாரத்தில் வந்தால், அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். 32-ஆவது வாரத்தில் அது ஏறும்போது, இது பழைய பிரச்சினையா, கர்ப்பத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் டாக்டர் திணறுவார். போன பிரசவத்தில் அழுத்தமோ வலிப்போ வந்தவர்களுக்கு டாக்டர் எழுதும் குறைந்த அளவு ஆஸ்பிரினையும் 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். ஏப்ரலில் வருபவருக்கு அந்த வாசல் மூடியிருக்கும்.

ஆகவே குளி தப்பி ஒரு வாரம் ஆனதும், காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் சோதித்துப் பாருங்கள். செவிலியரிடம் ‘நிஷ்சய்’ என்ற சோதனை அட்டை இலவசமாகக் கிடைக்கும், மருந்துக்கடையிலும் வேறு பெயர்களில் வாங்கலாம். பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குச் சில சொட்டு விட்டு ஐந்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்து, மங்கலாக இரண்டாவது கோடு தெரிகிறதே என்று குழம்பக் கூடாது. கோடு வரவில்லை, மாதவிலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

கோடு வந்துவிட்டால் உங்கள் ஊருக்கான துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் சொல்லுங்கள். ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போன் போதும். செவிலியர் யாரென்று தெரியாத புது மருமகள் 102-க்கு அழைத்தோ, கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் ‘பிக்மி’ இணையதளத்திலோ முன்பதிவு செய்யலாம், விவரம் அந்தப் பகுதிச் செவிலியருக்குப் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். அன்று முதல் பதிவுக்கு வந்து நின்றால் யாருக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்காது.

கையில் எடுத்து வர வேண்டியவை: ஆதார் (கணவருடையதும் சேர்த்து), குடும்ப அட்டை, பெண்ணின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். கணவரோடு கூட்டுக் கணக்கு, மாமியார் பெயரில் கணக்கு எல்லாம் பின்னால் தலைவலி தரும். ஆதாரில் அப்பா பெயர் இனிஷியலாகவும் பாஸ்புக்கில் கணவர் பெயர் இனிஷியலாகவும் இருந்தாலும் பணம் நின்றுபோகும். அதை முதல் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள். போன் எண் கொடுக்கும்போது பெண்ணின் கையில் இருக்கும் போனின் எண்ணையே கொடுங்கள். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் கணவரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ரத்த அளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல செவிலியர் அழைத்தால் மணி அங்கே அடிக்கும், ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும்.

காகிதங்களைவிட முக்கியமானது மாத்திரைகள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும், தைராய்டு, வலிப்பு, அழுத்தம், சர்க்கரை, முகப்பரு எதற்கானதானாலும், அட்டையோடு எடுத்து வாருங்கள். “வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை” என்று சொன்னால் யாருக்கும் புரியாது. தைராய்டு மாத்திரையைக் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. உண்மையில் இந்த நேரத்தில் அதன் அளவைக் கூட்ட வேண்டிவரலாம். வலிப்பு மாத்திரையிலும் அழுத்த மாத்திரையிலும் சில வகைகள் குழந்தைக்கு ஆகாது. ஆனால் அவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். வைத்தியர் கொடுத்த கஷாயமோ லேகியமோ இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

முதல் சந்திப்பில் பாதி நேரம் பேச்சுதான். ஊசியையும் எடைக் கருவியையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், உயிரோடு எத்தனை குழந்தைகள், எத்தனை கலைந்தது என்று கேட்டு அட்டையில் ‘ஜி3 பி1 எல்1 ஏ1’ என்பதுபோல எழுதுவார்கள். மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், ஒரு குழந்தை, ஒரு கருச்சிதைவு என்று அதைப் படிக்க வேண்டும். மாத்திரை போட்டுக் கலைத்ததும் அந்தக் கணக்கில் சேரும். மாமியாருக்குத் தெரியாத விஷயம் என்றால் பெண் அதை மறைத்துவிடுகிறாள். எனவே உடன் வந்தவர்களைக் கொஞ்சநேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இந்தப் பகுதியைக் கேட்பதுதான் முறை. செவிலியர் அப்படிச் சொல்லாவிட்டால், “சிஸ்டர், தனியா ஒரு காரியம் சொல்லணும்” என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் அடி உண்டா, தூக்கம் வருகிறதா, எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா என்பதும் அப்போது கேட்கப்பட வேண்டிய கேள்விகள். வீட்டில் வன்முறை இருந்தால் 181-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

முந்தின பிரசவம் சிசேரியனா, எதற்காகச் செய்தார்கள், ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தம் ஏற்றினார்களா, குழந்தை குறைமாதமா, எடை என்ன என்பதெல்லாம் இந்தப் பிரசவம் எங்கே நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வாருங்கள். வேலையையும் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். விடியற்காலையில் ரப்பர் வெட்டுக்குப் போய்ப் பால் சுமந்து ஆசிடின் வாடையில் ஷீட் அடிக்கும் பெண், அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு இருக்கும் பெண், தலையில் மீன் குட்டை சுமந்து வீடுவீடாகப் போகும் பெண் ஆகியோருக்குச் சொல்ல வேண்டிய ஆலோசனையும் வங்கியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கான ஆலோசனையும் ஒன்றல்ல.

பிறகு அந்தத் தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். தேதி நினைவில்லாவிட்டாலும் ஊரின் நாள்கள் நினைவில் இருக்கும். சுசீந்திரம் தேருக்கு முன்பா பின்பா, ஓணத்துக்குக் கோவிலுக்குப் போக முடிந்ததா, ஈஸ்டருக்கு எத்தனை நாள் கழித்து என்று செவிலியர் நூல்பிடித்துக் கேட்டால் இரண்டு மூன்று நாள் பிசகோடு தேதி கிடைத்துவிடும். அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. டிசம்பர் 3 என்றால் செப்டம்பர் 10. 28 நாளுக்குப் பதில் 35 நாளுக்கு ஒருமுறை வருபவர் என்றால் இன்னும் ஒரு வாரம் கூட்ட வேண்டும், செப்டம்பர் 17. இதைச் சொல்லாமல் விட்டால், கடைசியில் நாள் கடந்துவிட்டது என்று ஒரு வாரம் முன்பே வலி வரவழைக்கும் ஊசிக்கு ஆளாக நேரிடலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய கையோடு கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஸ்கேன்தான் வழி. அதுவும் முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் பிசகு ஒரு வாரத்துக்குள் இருக்கும், கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம்வரை போகும். 11-இலிருந்து 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனும், உறுப்புகளைப் பார்க்க 18-இலிருந்து 20 வாரத்தில் ஒன்றும் எழுதுவார்கள். ஆணா பெண்ணா என்று ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

உடல் பரிசோதனையைப் பற்றி இளம்பெண்களுக்கு ஒரு பயம் உண்டு, யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். முதல் சந்திப்பில் செவிலியர் உள்பரிசோதனை செய்வதில்லை. உயரம், எடை, அழுத்தம் பார்ப்பார். கண்ணின் கீழ் இமை, நாக்கு, நகம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். கழுத்தில் தைராய்டு வீக்கமும் காலில் நீரும் உண்டா என்று பார்ப்பார். 12 வாரத்துக்குள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் கருப்பை கைக்குத் தட்டுப்படாது. இதயத்துடிப்பும் கேட்காது. “நர்சம்மா காதை வச்சுப் பார்த்தாவ, ஒண்ணும் கேக்கலையாம்” என்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். ஊதுகுழல் போன்ற அந்தக் கருவியில் துடிப்பு கேட்க 20 வாரமாவது ஆக வேண்டும். தலைப்பிள்ளைக்கு அசைவு தெரியவும் 18 முதல் 20 வாரம் ஆகும்.

அழுத்தம் பார்ப்பதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடந்து வந்த மூச்சோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், தொங்கக் கூடாது. பட்டையை ஜாக்கெட் கையின்மேல் சுற்றக் கூடாது, பார்க்கும்போது பேச்சும் கூடாது. மூத்திரம் முட்டிக்கொண்டு இருந்தாலும் அளவு ஏறும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டர்.

சிறுநீரைக் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வெள்ளைப்பாடு கலந்தால் புரதம் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும். அந்தக் காகிதப் பட்டையில் புரதத்துக்கான கட்டம் மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சை ஏறினால் புரதம். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டிப் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிறம் மாறித்தான் இருக்கும்.

விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறும் அடுத்த துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். கையில் சூடு இல்லாவிட்டால் உள்ளங்கைகளைத் தேய்த்துவிட்டு நீட்டுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 10-க்கு மேல் இருந்தால் லேசு, 7 முதல் 10 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. அந்த எண்ணை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “ரத்தம் கொஞ்சம் கம்மி” என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், எவ்வளவு என்று கேளுங்கள். 10.6-உம் கொஞ்சம் கம்மிதான், 7.2-ஐயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.

ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் ரத்தப்பிரிவு, தைராய்டு, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள்காமாலை பி ஆகியவை பார்க்கப்படும். பால்வினை நோய்ச் சோதனை என்றதும் சில கணவர்கள் கோபப்படுகிறார்கள். சந்தேகப்பட்டு எடுக்கும் சோதனை இல்லை இது, எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுப்பது. எச்.ஐ.வி. முடிவை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சிபிலிஸ் பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடும், தெரியாமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். தாய்க்கு மஞ்சள்காமாலை பி இருந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் எதிர்ப்புப்புரத ஊசியும் போட்டுக் காப்பாற்றிவிடலாம். ரத்தப்பிரிவு நெகட்டிவ் என்று வந்தால் கணவரின் பிரிவையும் பார்க்க வேண்டும். அவர் பாசிட்டிவ் என்றால் 28-ஆவது வாரத்திலும், குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும், ரத்தப்பிரிவு ஒவ்வாமையைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டிவரும். கருச்சிதைவானாலும் அந்த ஊசி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சர்க்கரைச் சோதனைக்குத்தான் ஆயத்தமாக வர வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம். ஒரே மடக்கில் குடித்தால் குமட்டும், சொட்டுசொட்டாக அரைமணி நேரம் குடித்தால் கணக்கு கெடும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், தப்பில்லை. குடிக்கத் தொடங்கியதிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். இடையில் வெளியே போய் ஒரு சாயா, ஒரு வடை என்று முடித்துவிட்டு வந்தால் அன்றைய சோதனை வீண். அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் மறுபடி செய்ய வேண்டும், அதற்குப் பிறகு எடுத்தால் தொடரலாம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதலில் இரண்டு வாரம் உணவில்தான் மாற்றம், பிறகு சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120-க்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து. முதல் சோதனையில் சரியாக இருந்தாலும் 24-இலிருந்து 28 வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைத் தடுப்பதால், சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

மாத்திரைகள்: முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். 14-ஆவது வாரத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. சுண்ணாம்புச்சத்து மாத்திரை 500 மில்லிகிராம் தினம் இரண்டு. முதல் மூன்று மாதம் கழிந்ததும் பூச்சி மாத்திரை அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒருமுறை. இரும்பையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுண்ணாம்பு, மதியம் ஒரு சுண்ணாம்பு, இரவில் இரும்பு என்று பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை. இரவில் போட்டால் குமட்டலும் தூக்கத்தில் போய்விடும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இரும்பால், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற கதையை இன்னும் சொல்கிறார்கள். எத்தனை பிரசவம் பார்த்தாலும் அந்தக் கதை மட்டும் சாகவில்லை.

நம் ஊரில் மாத்திரையின் பெரிய எதிரி கட்டன் சாயா. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் குடிக்காமல் கை காயாது நமக்கு. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாயாவை விட வேண்டியதில்லை, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒருமணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும். மாத்திரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாக ஏறும். மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வயிற்றை நிறைக்கும், ரத்தத்தைக் கூட்டாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றியும் விடும். ஆசைக்குச் சாப்பிடுங்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாளை (மத்தி) மீன் குழம்போடு அளவாக. சாளை, நெத்தோலி போன்ற சிறு மீன்கள் கர்ப்பிணிக்கு நல்லவை. சுறாவும் பெரிய நெய்மீனும் (வஞ்சிரம்) வேண்டாம். பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். சுறாப்பிடிப்புக்குப் பேர்போன தூத்தூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

தடுப்பூசி ஒரே வகைதான்: டி.டி. என்ற டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசி. பதிவின்போது ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. போன கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டு ஆகவில்லை என்றால் ஒன்றே போதும். பழைய அட்டையைக் காட்டினால் ஒரு குத்து மிச்சம்.

எல்லாம் முடிந்ததும் தாய்-சேய் நல அட்டையும், பிக்மி எண் என்று நாம் சொல்லும் 12 இலக்க எண்ணும் கிடைக்கும். பிரசவம் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தாலும் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இதுவே அடிப்படை. தகுதி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்தில் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18 ஆயிரம் ரூபாய். அதில் 14 ஆயிரம் தவணைகளாக வங்கிக்கு வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கைக்கு வரும். இதற்கும் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பெட்டகத்தில் உள்ள நெய்யும் பேரீச்சம்பழமும் பெண்ணுக்கு உரியவை என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

புகுந்த வீட்டில் பதிந்தவர் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகும்போது அங்கே புதிதாகப் பதியக் கூடாது. ஒருவருக்கு இரண்டு எண் ஆகிவிட்டால் பணமும் நிற்கும், சான்றிதழும் சிக்கும். பழைய எண்ணைத் தாய்வீட்டுப் பகுதிச் செவிலியரிடம் சொன்னால் போதும். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று கேரளத்துக்குப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் “அங்கதான போறோம், இங்க எதுக்குப் பதியணும்” என்று விட்டுவிடுகிறார்கள். பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும் என்பது உண்மை. ஆனால் நடுராத்திரி ரத்தப்போக்கு வந்தால் முதலில் ஓடி வருவது குழித்துறைக்கோ தக்கலைக்கோ ஆசாரிபள்ளத்துக்கோதான். அங்கே அட்டையும் ரத்தப்பிரிவும் கையில் இருக்க வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், கடைசி இரண்டு வாரம் எங்கே தங்குவது என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துவிட வேண்டும். மழைக்காலப் பிரசவத் தேதி என்றால் கட்டாயம். தோட்ட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்திருக்கும் வடமாநிலப் பெண்களையும் செவிலியர் பதிவு செய்வார். பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. அடிவயிற்றில் ஒருபக்கமாகக் குத்தும் வலி, கொஞ்சமாவது ரத்தக்கசிவு, தலைசுற்றி விழுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். உடனே 108. ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் சாயா நிறத்தில் போவது, குளிரோடு காய்ச்சல் ஆகியவற்றுக்கும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய ஒரு பெண்ணுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். பல ஊர்களுக்கு ஒரு செவிலியர், கூடவே கணினிப் பதிவு, தடுப்பூசி, முகாம் என்று இருக்கும்போது அது பத்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. மூன்று காரியம் நிர்வாகத்தால் செய்ய முடியும். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் பூட்டாத, தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும், சிறுநீர் சோதனைக்கு வரும் பெண்ணைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது முறையல்ல. தனியாகப் பேச ஒரு திரையாவது வேண்டும். சர்க்கரைச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் உட்கார முதுகு சாயும் நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும் வேண்டும். நம் மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும், பள்ளிவாசல் ஜமாத்துகளிலும், கோவில் மண்டபங்களில் கூடும் மகளிர் குழுக்களிலும் டிசம்பர் 3, பிப்ரவரி 25 என்ற இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட அரைமணி நேரம் ஒதுக்கும்படி, தங்கள் நாளிதழ் வழியாக அந்தந்தப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வகுப்பெடுக்க நாங்கள் வரத் தயார்.

இப்படிக்கு,
துணை சுகாதார நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்கள்,
கல்குளம், விளவங்கோடு வட்டங்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.